திருப்தியான மாற்று ஆள்

இன்று காலை பத்தரை மணிக்கு, கூடத்துச் சுவரில் இருக்கும் இரண்டாவது ஆணியைப் பிடுங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெள்ளையடிக்க வந்தவர் அதுவரை மட்டையை வாளியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். "இதுல யாரும் ஒண்ணும் மாட்றதில்லயே சார், எடுத்துடவா?" என்று கேட்டவர் அவர்தான். "வுட்ருங்க" என்றேன். ஆணியைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்.

நாம் குடிவந்த அன்றும் வீட்டில் இதே சுண்ணாம்பு வாசனைதான். எழுபத்தாறு, ஆனி மாதம். செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இந்த ஓட்டு வீடு. நான் நூலகத்தில் குமாஸ்தா. நீங்கள் பதிவு அலுவலக வாசலில் புளியமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர். "ஒத்த ஆம்பளைக்கு வீடு குடுக்கறதில்ல. ரெண்டு பேர்னா ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துக்கினு இருப்பாங்க" என்றார் வீட்டுக்காரம்மா. அந்த ஒரு காரணத்தால் நாம் நண்பர்களானோம்.

வீட்டுக்காரம்மாவோடு செய்த ஒப்பந்தம் போதாதென்று, நமக்குள் தனியாக ஒன்று வேண்டும் என்றீர்கள். பதினோரு மாதத்துக்கு எழுதினீர்கள். 'இருவரில் ஒருவர் கெடுவுக்கு முன் விலக நேரிட்டால், மற்றவருக்குத் திருப்தியான மாற்று ஆளை அமர்த்திய பின்னரே விலக வேண்டியது.' இதை மட்டும் இரண்டு முறை உரக்கப் படித்தீர்கள். "எங்கயாவது ஓட்ட இருக்கா பாருங்க சார்." இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை, சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னீர்கள். "போளூர்ல ஒரு இடம் அமைஞ்சிருக்கு சார். ஒரே பொண்ணு. வீட்டோட வந்து நெலத்தப் பாத்துக்கணுமாம். தைக்குள்ள வந்துடணும். இல்லன்னா ஆரணியில ஒருத்தரு ரெடியா இருக்காராம்."

உங்களுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வாழ்த்துச் சொன்னேன். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து வந்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. மறுநாளே ஆள் தேடப் போனீர்கள். முதலில் வந்தவர் விடியலில் தினமும் மலை சுற்றுகிறவர். தூக்கம் கெடும் என்றேன். இரண்டாமவர் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். வாசனை ஜாஸ்தி என்றேன். மூன்றாவதாக, ஆசிரமத்துப் பக்கமிருந்து மௌனவிரதத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வந்தீர்கள்.

"பேசவே மாட்டாரு சார். உங்களுக்குப் படிக்க நல்ல வசதி."

"பிரிவுகளுக்கு சம்மதிச்சாரா அண்ணா?"

"தலையாட்டினாரே."

"தலையாட்டினா கையெழுத்து ஆயிடுமா?"

"ஆவாது" என்றீர்கள். தொழிலில் நீங்கள் நேர்மையானவர். நான்காமவர் எதற்காக வேண்டாமென்றேன் என்பது நினைவில்லை.

டீக்கடைக்காரர் கூட உங்களிடம் சொன்னார். "பொட்டியத் தூக்கினு பஸ் ஏறுண்ணா. யாரு கேக்கப் போறா?" நீங்கள் கிளாசைக் கீழே வைத்தீர்கள். "நான் எழுதினத நானே மீறினா, நாளைக்கு எவன் எங்கிட்ட பத்திரம் எழுதுவான்?"

மார்கழியில் ஒரு முறை என்னிடம் நேராகவே கேட்டீர்கள். "எனக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார், போயிடறேன்." பேனா என் பையில்தான் இருந்தது. "ஆள் வரட்டும் அண்ணா" என்றேன். ஏன் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. காரணம் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மாலையில் நான் படித்ததைச் சொல்லும்போது "அப்புறம்?" என்று கேட்கிற ஆள் அந்த நால்வரில் இல்லை.

தை கடைசி வாரம் ஐந்தாவதாக ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். சாது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். மாசி நான்காம் தேதி, எனக்குத் திருப்தி என்றேன்.

நீங்கள் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை. "ஆரணிக்காரருக்குக் குடுத்துட்டாங்க சார்" என்றீர்கள். பிறகு, "பாவம், வாத்தியாருக்கு வேற எடம் பாத்துக் குடுக்கணும்" என்றீர்கள். இரண்டே நாளில் பார்த்தும் கொடுத்தீர்கள். அன்று மாலை நான் படித்ததைச் சொன்னேன். "அப்புறம்?" என்று கேட்டீர்கள்.

அதன் பின் ஒப்பந்தத்தை ஒன்பது முறை புதுப்பித்தோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பிரிவை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் உங்கள் கையாலேயே எழுதினீர்கள். எண்பத்தைந்தில், புளியமரத்தடியில் யாருடைய கிரயப் பத்திரத்தையோ பாதி எழுதியபடி போய்விட்டீர்கள். மாற்று ஆள் அமர்த்தவில்லை.

இப்போதெல்லாம் நூலகத்தில் யார் ஒரு வரி எழுதித் தரச் சொன்னாலும் உடனே கொடுத்துவிடுகிறேன். உறுப்பினர் கார்டு தொலைந்தது என்பார்கள். எப்படித் தொலைந்தது என்று கேட்பதில்லை. பேனா பையில்தான் இருக்கிறது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்ல வீட்டுக்காரம்மாவிடம் போனேன். ஒத்தை ஆள் ஆகிவிட்டேன் என்றேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அதுக்கு இன்னா சார்? இருங்க. முன்னாடியே கேட்டிருந்தாலும் இருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

மூன்று வருடமாக ஒப்பந்தம் இல்லாமல் குடியிருக்கிறேன்.