பந்திக்குப் போகாத ஞாயிறுகள்

இன்று சாயங்காலம் மகள் திராட்சைச் சாற்றைக் கொட்டிவிட்டாள். தம்ளர் உருண்டு, மேசை விளிம்பு வழியாகச் சொட்டி, வீடெல்லாம் அந்த வாசனை. நான் துணி எடுத்து வருவதற்குள் அவள் சுவரோடு ஒட்டி நின்று, கைகளைக் கூப்பிக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். "அம்மா, இது பாவமா? இயேசப்பாவுக்கு என்மேல கோவமா?"

ஐந்து வயதுப் பிள்ளை. "இல்ல கண்ணு, இல்ல" என்று குனிந்து துடைத்தேன். துடைக்கத் துடைக்க வாசனை ஏறி வந்தது. ஆலயத்தின் பின்பக்கம், திருவிருந்து முடிந்ததும் நீயும் நானும் திராட்சைச் சாறு ஊற்றிய குட்டிக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவுவோமே, அந்தத் தொட்டியின் வாசனை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது யார் கழுவுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் எழுந்து முன்னால் முழங்காலிடப் போகும்போது, பிள்ளையை டாய்லெட்டுக்குக் கூட்டிப் போகிறவள் மாதிரி நான் வெளியே போய்விடுகிறேன். அவளும் கூடவே வருகிறாள்.

வருகிற ஞாயிறு மறுபடியும் திருவிருந்து. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இதை வேறு யாரிடம் பேசுவது?

தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் திருவிருந்துப் பந்திக்கு வர வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். சனிக்கிழமை மாலையே எங்கள் வீட்டில் டிவி அணைந்துவிடும். நீ கல்யாணமாகிச் சபைக்கு வந்தவள். தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் சர்பத் குடித்து வளர்ந்தவள். உனக்கு இதெல்லாம் புதிது. ஆனால் நீதான் அதை ஒரு வழக்கமாக ஆக்கினாய். மாதத்தின் முதல் ஞாயிறு, கோல சிலாங்கூரிலிருந்து உன் பழைய காடியில் கிளம்புவோம். பாசிர் பெனம்பாங்கில் நீ இறால் தரம் பிரிக்கிற கொட்டகையின் வாடை சீட்டிலேயே ஊறியிருக்கும். ஊர் தாண்டி செம்பனை மரங்கள் தொடங்கியதும், "ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்பாய். தாடிகாவில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிற நான் உனக்கு எங்கேயும் டீச்சர்தான்.

"நீ முதல்ல சொல்லு" என்பேன்.

"எனக்கு ரெண்டுதான். மாமியார மனசுக்குள்ள திட்டுனேன். சத்தமா திட்டல, அதுக்கு மார்க் குடு. அப்புறம் கொட்டகை தௌக்கேகிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல படுத்துத் தூங்கினேன். அவ்ளோதான். இப்ப உன் லோரியக் கொட்டு."

நான் கொட்டுவேன். ஜெபத்தில் மனம் அலைந்தது. பிள்ளைமேல் எரிந்து விழுந்தது. கூட வேலை செய்கிறவளின் புது வீட்டைப் பார்த்து வயிறு எரிந்தது. எரிந்ததற்காக அழுதது. அழுததற்காக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டது.

"ஏய், போதும்லா! ஒரு மாசத்துல இவ்ளோ பண்ண உனக்கு எங்கடி நேரம்?"

ஆலயத்து வாசலில் காடியை நிறுத்திவிட்டு, இறங்குமுன் கண்ணை மூடிக்கொள்வாய். "ஆண்டவரே, ரெண்டு பேரும் இப்படித்தான் இருக்கோம். பசிக்குது. உள்ள வர்றோம்." முடிந்தது உன் ஜெபம். நான் இன்னும் கண்ணை மூடியபடி இருப்பேன். நீ என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "இறங்கு இறங்கு, பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க" என்று இழுப்பாய். உன்னோடு போன நாளெல்லாம் நான் தகுதியுள்ளவளா என்று யோசிப்பதற்குள் பந்திக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

வயிற்றில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது என்று தெரிந்த பிறகு உன்னை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். முன்கூடத்தில் கட்டில். தோட்டத்திலிருந்து உன் அம்மா வந்து தங்கினார். இரவும் பகலும் உன் தலைமாட்டில் அவர்தான். ஜெபக்குழு வரும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். நான் கூப்பிட்டாலும், "அவங்க ஜெபம் பண்ணட்டும் டீச்சரு, நான் இங்கயே இருக்கேன்" என்று வெங்காயம் உரிப்பார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதும் இல்லை.

குழுவை நடத்துகிற அக்கா அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜெபித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, கர்த்தர் சுகம் குடுக்கக் காத்துக்கிட்டு இருக்கார். உள்ள ஏதோ ஒண்ணு தடுக்குது. நல்லாத் தேடிப் பாரும்மா. பழைய நேர்த்திக்கடன் ஏதாச்சும், அம்மா வீட்டு வழியா வந்தது..."

உனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து பிழைத்ததும், கோயிலில் முடி இறக்கியதும் எல்லாருக்கும் தெரியும். நீயே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைதான். அன்று நீ சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற எனக்கு அந்த வார்த்தைகள் புதிதாகவே படவில்லை. தேடிப் பார், நன்றாகத் தேடிப் பார் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுதானே. ஆனால் முதல்முறையாக அதை ஒரு நோயாளியின் முகத்தில் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு மதியம் என்னைக் கிட்டே வரச் சொன்னாய். குரல் போய்விட்டிருந்தது.

"எங்கம்மா, நான் தூங்குறேன்னு நெனச்சு நெத்தியில துன்னூறு வச்சாங்க டீச்சர். நான் முழிச்சுத்தான் இருந்தேன். துடைக்கல. சுகமா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "அதுவாடி தடுக்குது?"

"இல்ல" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். எதையும் நூறு தடவை புரட்டிப் பார்க்கிற நான் அப்படி ஒரு பதிலை என் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. "அது உங்க அம்மா கை. அவ்ளோதான். கண்ண மூடிப் படு."

தலையாட்டினாய். அடுத்த முறை நான் வந்தபோதும் அதையே கேட்டாய். அதற்கடுத்த முறையும். நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். என் இல்லை உன்னிடம் தங்கவில்லை. அந்த அக்காவின் கேள்விதான் தங்கியது. இரண்டே இரண்டைச் சொல்லிவிட்டுப் பசிக்கிறது என்று உள்ளே போனவள், படுத்த படுக்கையில், பிறந்த நாள் வரைக்கும் பின்னோக்கித் தேடிக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒரு நாள் நான் வந்தபோது உன் அம்மா தலைமாட்டில் இல்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியில், கைகளை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ கண்ணயர்ந்திருந்தாய்.

"என்னம்மா, இங்க உக்காந்துட்டீங்க?"

"அவ வேணாம்னு சொல்லிட்டா டீச்சரு. துன்னூறு வைக்காதம்மான்னா. சரித்தான்னேன்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "காலம்பூரா சாமி கும்பிட்ட கையில்ல. இது பட்டு அவளுக்கு வர்ற சுகம் வராமப் போயிரக் கூடாதுல்ல?"

அதன்பின் அவர் உனக்கு மருந்து கொடுத்தார், கஞ்சி ஊட்டினார், கால் பிடித்துவிட்டார். நெற்றிப் பக்கம் மட்டும் அந்தக் கை போகவில்லை. காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கக்கூட உன் கணவரைக் கூப்பிட்டார். நீ அதைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டேதான் இருந்தாய். "வாம்மா, தொடு" என்று சொல்ல உனக்கு ஆசை இருந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன். பயம் விடவில்லை. அம்மாவுக்கும் பயம், உனக்கும் பயம். இரண்டு பேருமே ஒருவருக்காக ஒருவர் பயந்தீர்கள்.

நீ போன காலையில் கூடம் நிறைய ஆட்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபக்குழு பாடிக்கொண்டிருந்தது. யாரோ என் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். உன் அம்மா. அழுகை இல்லை, ஒன்றுமில்லை. என் காதோரம் மெல்லக் கேட்டார்.

"டீச்சரு, இப்பத் தொடலாமா?"

அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் உன் நெற்றியில் வைத்தேன். குளிர்ந்து போயிருந்தாய். அவர் தடவினார், தடவினார், பாட்டு முடிந்து ஜெபம் முடிந்து போதகர் கிளம்பும் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து நான் பந்திக்குப் போகவில்லை.

ஒவ்வொரு மாதமும் என்னைச் சோதித்துப் பார்க்கிறேன். முன்புபோல் நீளமாக எதுவும் வருவதில்லை. அந்த அக்காமேல் கோபம், அது ஒன்றுதான். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! உன் மாமியார் முகம் சுளித்து நகர்ந்த நாட்களில் உன் படுக்கையைக் கழுவியவர் அவர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உனக்குத் தலை வாரிவிட்டவர். உன்னை நேசித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இன்றைக்கும் ஆலயத்தில் என்னைப் பார்த்தால், "தங்கச்சி, அவ கனவுல வந்தா" என்று கண் கலங்குகிறார். நான் பிள்ளையின் ரிப்பனைச் சரிசெய்கிறேன்.

இன்று மாலை தரையைத் துடைக்கும்போது இன்னொன்றும் பிடிபட்டது. நான் என் மகளைத் தினமும் படுக்கவைத்துவிட்டுக் கேட்பேன்: "இன்னிக்கு என்ன தப்பு பண்ணே? நல்லா யோசிச்சுப் பாரு." நல்ல பழக்கம் என்று நினைத்துத்தான். நேசித்துத்தான். சிந்திய சாற்றைப் பார்த்து அவள் கேட்ட கேள்வியும் நீ கேட்ட கேள்வியும் ஒன்றுதான். நீ வெளியிலிருந்து பெற்றதை அவள் என்னிடமே பெற்றிருக்கிறாள்.

படுக்கப் போட்டபோது நான் கேட்கவில்லை. அவளே தொடங்கினாள். "இரும்மா, நான் இன்னும் யோசிச்சு முடிக்கல."

"யோசிக்க வேணாம். தூங்கு."

"அப்ப இயேசப்பாகிட்ட என்ன சொல்றது?"

"குட்நைட் சொல்லு."

சந்தேகமாக என்னைப் பார்த்தாள். ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்திருப்பாள். பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு, என் கை விலகுகிறதா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே தூங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போகப் போகிறேன். அக்கா பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்றால் அங்கேயே முழங்காலிடுவேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், அது பொய். இந்தக் கோபத்தை வாசலில் விட்டுவிட்டு வா என்று யாராவது சொன்னால் என்னால் முடியாது. சபையின் ஜெபத்திலிருந்து உன் பெயர் போய்விட்டது. இந்தக் கோபத்தில்தான் நீ இன்னும் இருக்கிறாய். அதை வெளியே விட்டால் நீயும் வெளியே நின்றுவிடுவாய். ஆகவே அதோடுதான் போகிறேன். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை ஆண்டவரே பார்த்துக்கொள்ளட்டும்.