தலைவர் மேஜைப் பட்டன்

காலையில் ஸ்ரீரங்கம் கடையில் பழைய மைக் பெட்டியைத் திறந்தேன். பஞ்சு உறையிலிருந்து குப்பென்று உன் பன்னீர்ப் புகையிலை வாசம். செத்தும் விடமாட்டாய் போலிருக்கிறது! நீ போனதிலிருந்து எல்லாரும், "போனவங்களப் பத்தித் தப்பாப் பேசாதீங்க மேடம்" என்கிறார்கள். பேசாமல் இருந்தால் வயிறு எரிகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகக் கடை போட்டோம். கூட்ட அறைகளில் எந்த மைக்கை எங்கே வைப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். அறைக்குள் நுழைந்ததும் நான் கைதட்டி எதிரொலி கேட்பேன். மின்விசிறி இரைகிறதா, கதவோரம் உட்காருகிறவருக்கு மைக் எட்டுமா என்று பார்ப்பேன். நீ கேட்பது ஒரே கேள்வி: "தலைவர் எங்க உட்காருவாங்க?" அந்த நாற்காலிக்கு ஒரு கும்பிடு போடுவாய். உன் திட்டம் அதோடு முடிந்தது.

மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் முதலாளிகள் சங்கத்தின் கூட்ட அறைக்குச் செய்தோமே, அதைத்தான் சொல்ல வந்தேன். தொழிலாளர் குறை கேட்கும் கூட்டமும் அங்கேதான் நடக்கும் என்றார்கள். அதனால் கடைசி வரிசைக்கும் மைக் வைத்து வரைந்தேன். நீ அதை எடுக்கச் சொல்லவில்லை. அதைவிட மோசம் செய்தாய். தலைவர் மேஜையில் ஒரு பட்டன் வைத்தாய். அதை அழுத்தினால் மற்ற மைக்கெல்லாம் அணைந்துவிடும்.

"யாராவது பேசுறப்ப அமுக்கிட்டா?" என்றேன்.

"ஏம்மா தாயே, அவருக்குன்னு ஒரு மரியாதை வேணாமா? உன் வேலையப் பாரு."

முதல் கூட்டத்தில் நாம் இருவரும் சுவரோரம் நின்றோம். மில்லில் வேலை செய்யும் புஷ்பம் எழுந்து, மைக்கில் இருமிவிட்டுப் பேசினார். "ஐயா, உமித்தூசியில மூச்சு விட முடியலங்க. ராத்திரியெல்லாம் இருமல். தூசி இழுக்குற மெஷின் ஒண்ணு..." அதற்குள் தலைவர் பட்டனை அழுத்திவிட்டார். புஷ்பத்தின் உதடு மட்டும் அசைந்தது. தான்தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நீ என் காதருகே குனிந்து, "பாத்தியா, எவ்வளவு சுத்தமா கட்டாகுது" என்று சிரித்தாய். பாவி! அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கொள்ளிடம் பாலம் வரும்வரை காருக்குள் சண்டை. "அந்த அம்மா இருமுனது உனக்குக் கேக்கலயா?" என்றேன்.

"கேட்டுச்சே. நல்ல மைக்கு" என்றாய்.

நேற்று அதே அறையில் உனக்கு இரங்கல் கூட்டம். ஆளாளுக்கு உன்னைத் தங்கமானவர் என்றார்கள். புஷ்பமும் வந்திருந்தார், முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தூசி மெஷின் இன்னும் வரவில்லையாம். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"இவரைப் பத்தி நல்லதா சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. இந்த ரூம்ல புஷ்பம் அக்கா ஒண்ணு கேட்டாங்க. அதுக்கு இன்னும்..."

மைக் அணைந்தது. தலைவரின் விரல் பட்டன்மேல் இருந்தது.

அவருக்கு என்ன தெரியும்? இத்தனை வருடம் உன்னோடு கத்திக் கத்தி உரமேறிய தொண்டை இது. நீ எனக்கு விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். மைக்கை ஓரமாகத் தள்ளினேன். "தூசி இழுக்குற மெஷின் எப்ப வரும்? சொல்லுங்க!"

கடைசி வரிசைவரை கேட்டது. தலைவர் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.