விரிப்புகள் ஏன் வெளுக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி படிவக் கட்டோடு லாண்டரிக்கு வந்தாள். சிறுதொழில்களில் சில ஏன் தழைக்கின்றன, சில ஏன் தேய்கின்றன என்று கணக்கெடுக்கிறாளாம். முப்பத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போடவேண்டும். எது உங்களை அதிகம் பாதிக்கிறது? மின்வெட்டு, ஐந்து. போட்டி, ஐந்து. தண்ணீர், நான்கு. ஆட்களின் திறமை, நான்கு. நிர்வாகம்?

"அப்படின்னா?"

"நீங்க நடத்துற விதம் மேடம்."

ஒன்று போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

போகும்போது, "ரெண்டு தெரு தள்ளி இன்னொரு லாண்டரி இருக்காமே, எப்படிப் போகணும்?" என்றாள். என் நாத்தனார் நடத்துவது. கையை நீட்டி வழி காட்டினேன். உறவைச் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

லாட்ஜ் மேனேஜர் நேரில் வந்தார். எப்போதும் போனில் பேசுகிற மனிதர். மேசைமேல் இரண்டு படுக்கை விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே துணி. ஒன்று வெள்ளை. மற்றது — என்ன சொல்வது, சாம்பல் பூத்த மாதிரி. கையில் எடுத்தால் முரடு.

"இந்த வெள்ளை உங்க நாத்தனார் துவைச்சது. ஒரு மாசமா பத்து ரூமுக்கு மட்டும் அங்க குடுத்துப் பாத்தேன். தப்பா நினைக்காதீங்க."

எண்பது அறை லாட்ஜ். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. ஏப்ரல் முடிய அவகாசம். அதற்குள் சரியாகாவிட்டால் மொத்தமும் அங்கே போகும்.

வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு வந்தார். இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கரண்ட் இப்படிப் போனா என்னதான் பண்ண முடியும்?" என்றார். நானும் அதையேதான் சொல்ல இருந்தேன். ஆனால் அவள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். நமக்குப் போனால் அவளுக்கும்தானே போகிறது?

மார்ச் 7, வெள்ளி

ஒன்பது பேர் சம்பளம் வாங்குகிற இடம். அதை நினைத்தால் பயம். ஆனால் பயத்தைவிட இந்த இரண்டு விரிப்புகள்தான் மண்டையைக் குடைகின்றன. ஏன்?

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீராக இருக்குமோ? இவருடைய அம்மாவைப் பார்க்கப் போகிற சாக்கில் (மாமியார் இப்போது மகளோடு இருக்கிறார்) இவரை அனுப்பி, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னேன். "அண்ணன் எதுக்குத் தண்ணி திருடுறான்னு கேட்டா?" என்றார். தாகம் என்று சொல்லுங்கள் என்றேன்.

இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு சோப்பு சீவிப் போட்டுக் குலுக்கினேன். நுரை இரண்டிலும் ஒரே உயரம். தண்ணீர் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

சோப்புத்தூளும் இல்லை. இருவரும் ஒரே கடையில் வாங்குகிறோம். கடைக்காரரிடம் விசாரித்தேன். அவள் வாங்குவதும் அதே மூட்டைதான். துணிக் கணக்குக்கு நம்மைவிடக் கொஞ்சம் குறைவாகவே வாங்குகிறாள்! மெஷின்? அவளுடையது நம்முடையதைவிடப் பழசு. ஆட்கள்? அவளிடம் இருப்பவர்களில் இருவர் நம்மிடம் வேலை பழகிப் போனவர்கள்.

அப்படியானால் நான் ஐந்து போட்டது எதுவுமே இல்லையா?

மார்ச் 13, வியாழன்

நல்ல யோசனை ஒன்று தோன்றியது. மூலையில் நீல நூலால் அடையாளத் தையல் போட்ட நம் விரிப்பு ஒன்றை, மாடி வீட்டு டீச்சர் மூலம், அவர் துணி மாதிரி நாத்தனார் லாண்டரிக்கு அனுப்பினேன். அங்கே துவைத்தால் வெளுக்கிறதா பார்ப்போம். கைராசி என்பதெல்லாம் உண்டா என்ன?

மார்ச் 15, சனி

மானம் போச்சு.

விரிப்பு வந்துவிட்டது. முழு வெள்ளை இல்லை, ஆனால் ஒரே துவைப்பில் பாதி சாம்பல் போயிருக்கிறது. நடுவில் மடித்துவைத்த துண்டுச்சீட்டு: "அண்ணி, இந்தத் தையலை எனக்குத் தெரியாதா? நேர்ல வாங்க. காசு வேண்டாம்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் இரண்டு மணிநேரம் அவரோடு பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

போனேன்.

இரண்டு வருடம் ஆகிறது அவள் எங்களிடமிருந்து பிரிந்துபோய். எல்லார் முன்னாலும் என்னை எதிர்த்துப் பேசினாள், தானே முதலாளி ஆகப் பார்த்தாள் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

வாசலில் நின்று, "வாங்க அண்ணி," என்றாள். நேற்றுப் பார்த்த மாதிரி. ஸ்டூல் போட்டாள். மாமியார் உள்ளேயிருந்து வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

"எதை வேணாலும் பாருங்க. மறைக்க ஒண்ணுமில்ல."

பார்த்தேன். ஊறவைப்பது, சூடு, சோப்பு அளவு, எல்லாம் நம்முடையதே. இங்கே கற்றதைத்தானே அங்கே செய்கிறாள்.

"அப்புறம் மூணு அலசல்," என்றாள்.

"நாங்களும் மூணுதான்."

"எண்ணிப் பாத்தீங்களா அண்ணி?"

எண்ணவேண்டியது என்ன இருக்கிறது என்று வாய்வரை வந்தது. அவள் பார்வை துணிமேலேயே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் மெஷின் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். மெஷின்காரத் தம்பிக்கு வேர்த்துவிட்டது. எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறவர். நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

சோப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டார். நல்ல தண்ணீர், அலசல், திறப்பு. மறுபடி நல்ல தண்ணீர், அலசல், திறப்பு. பிழிய விட்டுவிட்டார்.

இரண்டு.

"மூணாவது எங்க தம்பி?"

"நீங்கதானே அக்கா நிறுத்தச் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும். காலைல போன கரண்ட் சாயங்காலம்தான் வந்துச்சே, அன்னைக்கு. லாட்ஜ் துணி அப்படியே கெடந்துச்சு. ஒரு அலசலைக் குறைங்கன்னு கத்துனீங்க. அப்புறம் திரும்பக் கூட்டச் சொல்லவே இல்ல."

நினைவு வரவில்லை. பிறகு வந்தது. அன்றைக்கு மட்டும் என்றுதான் சொன்னேன். சொன்னேனா? மனதுக்குள் நினைத்தேன். சொன்னேனா?

"துணி கெட்டுப்போகுதுன்னு தெரியுமில்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

அவர் வால்வைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த வாரம் கேட்டவங்க இப்போ தனியா லாண்டரி வச்சிருக்காங்க அக்கா."

கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 18, மீண்டும்

அவள் அன்று என்ன கேட்டாள்? "அண்ணி, இன்னும் ரெண்டு அலசல்தான் ஓடுது, சோப்பு நிக்குது." இதைத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன்? இங்க முதலாளி நீயா நானா. இதைத்தான் சொன்னேன். கேள்வி காதில் விழவே இல்லை. அவள் குரல் மட்டும்தான் விழுந்தது. அய்யோ, ரெண்டு வருஷமா ஊரெல்லாம் என்னன்னு சொல்லித் திரிஞ்சேன் நான்.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாய்ப் போவது தெரியவில்லை. ஆனால் இங்கே ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மூன்று அலசல் தொடங்கிவிட்டோம். நாளுக்கு ஒன்றரை மணிநேரம் கூடுகிறது. பழைய சாம்பல் போக நாலைந்து துவைப்பு ஆகும் போலிருக்கிறது.

எல்லாரையும் உட்காரவைத்து, "இனிமே எதுன்னாலும் தயங்காம சொல்லுங்க," என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

நாத்தனாருக்குப் போன் செய்தேன். "எண்ணிப் பாத்தேன்," என்றேன்.

"ரெண்டா?"

"ரெண்டு. அன்னைக்கு நீ சொன்னது சரி. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது."

"சரி விடுங்க அண்ணி," என்றாள். பிறகு, "அந்த நீலத் தையலுக்குச் சிரிச்சதுல எனக்கு அன்னைக்கு வயிறே வலிச்சுது," என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

மெஷின்காரத் தம்பி மெதுவாக வந்து, கூட்டம் உள்ள நாட்களில் மெஷினை அளவுக்கு மீறி நிரப்புகிறோம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கரண்ட் இருக்கிற நேரத்தில் முடிக்க வேண்டாமா? உங்களுக்கென்ன தெரியும்? எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "சரி, எவ்வளவு குறைக்கலாம் சொல்லுங்க," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

குறைத்தோம். இரண்டு முறை திரும்பத் துவைக்கிற வேலை மிச்சமாகி, சாயங்காலம் முன்னதாகவே முடிந்தது. எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆராய்ச்சிப் பெண் விடுபட்ட இரண்டு கேள்விகளுக்காக வந்தாள். நிர்வாகத்துக்குப் போட்ட ஒன்றை மாற்றமுடியுமா என்று கேட்டேன். முடியாதாம், அனுப்பியாகிவிட்டதாம். "ஏன் மேடம்?" என்றாள். டீ வாங்கிக்கொடுத்து முழுக்கதையும் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இதுக்கு எங்க படிவத்துல கட்டமே இல்ல," என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

லாட்ஜ் மேனேஜர் வந்து விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது அறை நமக்கு, நாற்பது நாத்தனாருக்கு. முழுதும் கிடைக்கவில்லை. ஒருவர் மெஷின் நின்றால் மற்றவர் துவைத்துத் தரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. யாரையும் வேலையைவிட்டு அனுப்பத் தேவையில்லை; போனதற்கு ஈடாக, கிளினிக் ஒன்றின் துணிக்கும் பேசிவைத்திருக்கிறோம்.

மே 8, வியாழன்

இன்று மட்டும் மூன்று பேர் என்னை மறுத்துப் பேசினார்கள். இவர் வேன் போகும் வழியை மாற்றச் சொன்னார். மெஷின்காரத் தம்பி சூட்டைக் குறைக்கச் சொன்னார். இரண்டும் சரிவராது, ஏன் என்று விளக்குவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாவது, மடிக்கிற அக்கா. கிளினிக் துணியை லாட்ஜ் துணியோடு ஒரே மேசையில் போட்டு மடிக்கச் சொல்லியிருந்தேன். "அது ஆகாதும்மா. சீக்குக்காரங்க துணி, தனி மேசை போடு," என்றார். அவர் சொன்னதுதான் சரி.

நான் பதில் சொல்வதற்குள் அவரே மேசையை இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். "சும்மா நிக்காத, அந்தப் பக்கம் பிடி," என்றார். பிடித்தேன்.