செங்கல் இருந்த பக்கம்

12 ஜனவரி, திங்கள்
விடியலிலிருந்து மழை. கிள்ளான் ரயில் தாமதம், குடை தொலைந்தது.

தம்பி தயா சுமத்ராவிலிருந்து அழைத்தான். அங்கே காபித் தோட்டத்தில் மேற்பார்வை. வீடு எரிமலையின் கிழக்குச் சரிவில். மூன்று நாளாகத் தரை அதிர்கிறதாம். இறங்கி வா என்றேன். "மலையோட வாய் உச்சியில இருக்குக்கா. குழம்பு வந்தா அது வழியாதான் வரும். பயப்படாதே லா."

உச்சி வழியாகத்தான் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தது? கல்லூரி நிலவியல் ஆய்வகத்தில் பதினொரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கூடப் பிறந்தவனுக்குப் புரியவைக்க முடியவில்லை.

14, புதன்
சொன்னால் கேட்க மாட்டான். காட்ட வேண்டும்.

வேண்டியவை: பழைய மீன்தொட்டி, ஊசி, எரிமலைக் குழம்புக்குச் சிவப்புச் சாயம், செங்கல், மலையாக உறையவைக்க ஜெலட்டின்.

ஜெலட்டின் மாட்டெலும்பில் செய்வது. கணவர் முரளி தைப்பூசக் காவடிக்கு விரதம். வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. சாமர்த்தியமாகக் கடற்பாசி அகார் அகாரில் செய்தேன். ஊசி பட்டதும் கன்னாபின்னாவென்று உடைந்தது. ஒரு நாள் முழுக்க வீண். அழுகை வந்தது.

15, வியாழன்
முரளியிடம் கேட்டேவிட்டேன். "திங்கவா போற? போர்ச்சுல வச்சுக்கோ. தயாதான் முக்கியம்." உறையவைக்க ஐஸ் மூட்டையும் அவரே வாங்கி வந்தார். தொட்டிப் பக்கம் மட்டும் வரவில்லை.

17, சனி
ஜெலட்டின் தொட்டியில் நன்றாக உறைந்தது. கிழக்குச் சரிவில் பழைய குழம்பு படிந்த கனம். அதற்குப் பதில் மேலே ஒரு பக்கம் செங்கல். அதன் ஓரத்தில் தயா வீடு: என் ஒட்டுப் பொட்டு. அடியில், நட்டநடுவே ஊசி.

சிவப்பு நீர் மெல்லிய இலை போல விரிந்து நேராக ஏறியது. பாதியில் தயங்கியது. பிறகு செங்கல் பக்கம் திரும்பியது. யாரும் தள்ளவில்லை!

எந்தத் திசையில் இறுக்கம் குறைவோ அந்தத் திசையில் பிளவு விரியும். மேலே இருக்கும் கனம் உள்ளே அந்த இறுக்கத்தையே மாற்றிவிடுகிறது. எத்தனையோ முறை படித்ததுதான். கண்ணால் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய மலைக்குள்ளும் இதே கணக்கா?

முரளி எப்போது பக்கத்தில் வந்து நின்றாரோ தெரியாது. "முருகா... அதுக்கு வழி தெரியுதே."

பொட்டுக்கு இரண்டு விரல் தள்ளி வெளியே வந்தது.

மீன்தொட்டி மலை ஆகாது, தெரியும். வீடியோவை அனுப்பிவிட்டேன்.

18, ஞாயிறு
வெயில். துணி காயப்போட்டேன்.

தயாவின் குரல் செய்தி: "அக்கா, அந்தப் பொட்டு நானா?"

ஆமாம் என்று எழுதினேன். பார்த்துவிட்டான்.

மூன்று மணிக்கு ஒரு படம். லோரி நிறைய மெத்தை, அடுப்பு, தோட்டத்து ஆட்கள், குழந்தைகள், ஒரு நாய்.

"வீடியோவை எல்லாருக்கும் காட்டிட்டேன்க்கா. இறங்கிட்டு இருக்கோம்."