ஸ்டெபிலைசர் விளக்கு

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

என் செல்ல மகன் க்ளெனுக்கு, மம்மி முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே டாடியும் உன் தங்கை அன்னாவும் முழு சுகம், நான் முக்கால் சுகம், மீதிக் கால் என் இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கட்டுப் பிரித்தபிறகு அதுவும் மெல்ல வழிக்கு வருகிறது. ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மம்மிக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படிக்கும்போதே நீ போன் பண்ணுவாய், டாடி அதை ஸ்பீக்கரில் போடுவார், அடுப்படியில் நிற்கிற அன்னா காதில் எல்லாம் விழும். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் இப்படி எழுதி, பக்கத்து வீட்டு பெர்னதெத் ஆன்ட்டி தபால் ஆபீசுக்குப் போகும்போது கொடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு, இல்லாவிட்டால் சிரி, இரண்டில் எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள், டாடி இந்த வருஷமும் சுருதிக்கு வெளியே நின்றுதான் பாடுகிறார், யாரும் சொல்லத் துணியவில்லை. நீ டிக்கெட் போட்டாயா என்று தினம் ஒரு தடவை கேட்கிறார். போட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நானும் உன் தங்கையும் காரோடு இடித்துப் பிழைத்த அந்த மழை நாளிலிருந்து நீயும் அவளும் பேசுவதில்லையே, ஒரே மேஜையில் எப்படி உட்காருவீர்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு ஒரு பிள்ளையோடு பேசும்போது இன்னொன்றின் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டிருக்கிறேன் க்ளென், இதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ அந்த வேலையில் சேர்ந்தபோது என்னப்பா வேலை என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஸ்டெபிலைசர் இருக்குல்ல மம்மி, கரண்ட் ஏறி இறங்கினா ஃப்ரிட்ஜைக் காப்பாத்துதே, அந்த மாதிரி கார் சறுக்காம காப்பாத்துற ஸ்டெபிலைசர் ஒண்ணு, அதுக்குத்தான் நான் வேலை செய்றேன் என்று சொன்னாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஊரெல்லாம் என் மகன் காருக்கு ஸ்டெபிலைசர் செய்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் அன்னா அந்தச் சிவப்புக் காரை வாங்கினாள். குட்டி வண்டிதான், ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் தெருநாய் எல்லாம் எழுந்து நிற்கும். அன்றைக்கு வீடியோ காலில் நீ, அந்த வளைஞ்ச கோடு போட்ட பட்டன் இருக்கே, அதான் மம்மி என் வேலை என்று காட்டினாய். அவ்வளவு போதாதா எனக்கு! அடுத்த ஞாயிறு பூசைக்குப் போக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், உன் பட்டனில் விளக்கே எரியவில்லை. இந்தப் பெண் வேகமாக ஓட்டுகிற ஆசையில் அண்ணன் செய்ததைப் போடாமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, அதே விரலால் பட்டனை அழுத்தினேன். சும்மா தொட்டால் போதாதோ என்று நன்றாக அழுத்திப் பிடித்தேன். மஞ்சளாக விளக்கு வந்தது, கார் படமும் கீழே இரண்டு பாம்பு நெளிகிற மாதிரிக் கோடும். அதற்கடியில் ஏதோ பொடி எழுத்து இருந்தது, நான் உட்காருகிற பக்கத்திலிருந்து, அதுவும் என் கண்ணுக்கு, அது எங்கே தெரியப்போகிறது. நம் வீட்டில் ஸ்டெபிலைசர் விளக்கு எரிந்தால் ஃப்ரிட்ஜுக்கு ஆபத்தில்லை, கீசர் விளக்கு எரிந்தால் வெந்நீர் வரும், கோயிலில் நற்கருணைப் பேழை முன்னால் விளக்கு எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார். விளக்கு எரிந்தால் நல்லது என்றுதான் எனக்குத் தெரியும். அன்னா என்னை வாய் பிளந்து பார்த்தாள், அப்புறம் சிரித்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்து வண்டியை எடுத்தாள். முத்தம் எதற்கென்று அன்றைக்கு யோசிக்கவில்லை. வண்டியை நிறுத்தி எடுத்தால் விளக்கு போய்விடும், அதனால் ஒவ்வொரு தடவையும் சிலுவை, அப்புறம் பட்டன் என்று எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அத்திபெலேயில் உன் ஜூலியா சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பின அன்றும் அப்படித்தான். கிளம்பும்போது சிலுவை போட்டேன், பட்டனை அழுத்தினேன், விளக்கு வந்தது. ஹெப்பகோடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது, சர்வீஸ் ரோட்டில் யாரோ கட்டட மணல் கொட்டி வைத்திருந்தார்கள், அது கரைந்து ரோடெல்லாம் பரவியிருந்தது. அன்னா வேகமாகக்கூட வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாகத் திரும்பி, முன்னாலிருந்த பஸ் எங்களுக்குப் பின்னால் போய், எங்கள் வண்டி டிவைடரில் இடித்து நின்றது. ஒரு ஆட்டோக்காரர் ஓடிவந்து ஏனூ ஆகில்லம்மா, ஏனூ ஆகில்ல என்று என்னை இறக்கினார். ஒன்றும் ஆகவில்லைதான், என் மணிக்கட்டைத் தவிர. அன்று சாயந்திரம் நீ போன் பண்ணி முதலில் கேட்டது என் கையைப் பற்றி இல்லை, அந்த விளக்கு எரிஞ்சுதா மம்மி என்றுதான் கேட்டாய். நான் பெருமையாக, நல்லா எரிஞ்சுது, நானே என் கண்ணால பார்த்தேன், கிளம்பினதுலேருந்து எரிஞ்சுது என்று சொன்னேன். என் மகன் செய்த பொருள் தன் கடமையைச் செய்ததென்று நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ போனை அன்னாவிடம் கொடுக்கச் சொல்லி, மம்மியைப் பக்கத்துல உட்கார வெச்சிக்கிட்டு ஆஃப் பண்ணிட்டு ஓட்டுறியா, நீ ஸ்டியரிங்கைத் தொடவே லாயக்கில்ல, வண்டியை வித்துடு என்று கத்தினாய். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள், ஆமா, ஆஃப்லதான் இருந்துச்சு, என் தப்பு என்று. சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. விளக்கு எரிந்தது, இவள் ஏன் ஆஃப் என்கிறாள், அவன் ஏன் கத்துகிறான், இடித்ததில் அணைந்திருக்குமோ என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம்தான் குட்டு வெளிப்பட்டது. கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு பெர்னதெத் ஆன்ட்டி தன் புது வண்டியில் கூட்டிப்போனாள். ஸ்டார்ட் பண்ணினதும் நான் வழக்கம்போல் சிலுவை போட்டு, அதே படம் போட்ட பட்டனைத் தேடி அழுத்தினேன். அவள் வண்டியில் பெரிய ஸ்கிரீன், டிங் என்று சத்தத்தோடு கொட்டை எழுத்தில் ஆஃப் என்று வந்தது. ஏய் பியாட்டி, கையை எடுடி, சறுக்காம பிடிக்கிறதை எதுக்கு ஆஃப் பண்ற, நான் இன்னும் பேரன் முகமே பார்க்கலடி என்று அலறிவிட்டாள். எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துபோனது. அதாவது விளக்கு எரிந்தால் அது வேலை செய்யவில்லை, எரியாவிட்டால் வேலை செய்கிறது! இது எந்த ஊர் நியாயம் க்ளென்? இத்தனை படித்தவர்கள் கூடி உட்கார்ந்து இப்படியா ஒரு விளக்கு வைப்பீர்கள்? நீயாவது ஸ்டெபிலைசர் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எதிர் வீட்டு ராஜலக்ஷ்மி மாமி சொல்வாளே, எனக்கு இந்த வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது. நீ திட்டின திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியது, என் பெண் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நானும் உன்னோடு வருகிறேன் என்று அவள் கார்ப் பந்தயம் பழகுகிற மைதானத்துக்குக் கிளம்பினேன். கை வலிக்கிறது என்று சொல்லிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன், பட்டனிடமிருந்து தப்பிக்க. அத்திபெலே தாண்டி ஒரு வெட்ட வெளி, ஆரஞ்சு கூம்புகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குள் புகுந்து புகுந்து ஓட்ட வேண்டும். அங்கே எல்லாருமே உன் பட்டனை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள், தலைக்கவசமும் உண்டு, ஆம்புலன்ஸும் நிற்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, என் உயிர் கூடவே போகிறது, அவள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சமாகத் திருப்பி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறாள். ஒரு கூம்பைக்கூடத் தட்டவில்லை. இறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் எங்கேயும் பார்த்ததில்லை, பயந்துகொண்டே பெருமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் செய்யுறது தப்புன்னு நான் சொல்லலை மம்மி, ரோட்டுல அது வேணும், ஆனா இங்க அது உள்ள வந்தா, நான் எழுதும்போது யாரோ என் கையைப் பிடிச்சு எழுதவைக்கிற மாதிரி இருக்கு என்றாள். நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை, ஒரு சக்கரத்துக்கு மட்டும் தனியாகப் பிரேக் போட எந்த மனுஷனுக்கும் கால் கிடையாது என்றாய். அவள் பேசும்போது அவள் பக்கம் நியாயம், நீ பேசும்போது உன் பக்கம் நியாயம். டாடியிடம் கேட்டால், ஸ்கூட்டர்ல எனக்கு ஸ்டெபிலைசரே உங்க மம்மிதான், பின்னால உட்கார்ந்துகிட்டு விலாவுல குத்துவா என்று சிரிக்கிறார். யாரைத்தான் கேட்பது!

வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, சரி, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: உனக்குத் தெரியுமா மம்மி, தனியா போகும்போது ரோட்டுல நான் அந்தப் பட்டனைத் தொடுறதே இல்ல. நீ பக்கத்துல இருந்தா மட்டும்தான் அது ஆஃப்ல இருக்கும், ஏன்னா நீயே ஆஃப் பண்ணி விட்டுடுவ. முதல் நாள் நீ சிலுவை போட்டுட்டு அதை அமுக்கினப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. டாடி ஜெபமாலை சொல்றாரு, அண்ணன் மிஷினை நம்புறான், நீ ஒருத்திதான் என் கையை நம்பின. அன்னிக்கு மழை வந்ததும் திருப்பிப் போட்டிருக்கணும், ஆனா நீ உன் கையால செஞ்சதை நான் எப்படி மாத்துறது, அதான் அண்ணன்கிட்ட என் தப்புன்னு சொன்னேன். இதைச் சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாள். என் டீ ஆறிப்போய்விட்டது. அவள் கையை நம்பி நான் எதையும் அழுத்தவில்லை, நம்பாமல்தான் அழுத்தினேன், அதை எந்த வாயால் சொல்வது? சமோசா சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

அதிலிருந்து அவள் வண்டியில் முன்னால் உட்காரவில்லை. கை வலி என்று சாக்குச் சொல்லிக் கோயிலுக்கும் ஆட்டோவில் போகிறேன். நேற்று, என் வண்டின்னா பயமாயிடுச்சா மம்மி என்று கேட்டாள், கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் அவளுக்குக் காவல் போகிறது, அழுத்தாவிட்டால் மம்மிக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைப்பாள். இருதலைக்கொள்ளி எறும்பாகிவிட்டேன். யோசித்து யோசித்து ஒரே ஒரு வழிதான் தெரிகிறது, அது உன் கையில் இருக்கிறது. நீ அவளுக்குப் போன் பண்ணு. முதலில் மன்னிப்புக் கேள், அவள் தப்பே செய்யவில்லை, தப்பு செய்தது யாரென்று உனக்கு இப்போது தெரியும். ஆனால் ஏன் அழுத்தினேன் என்பது நமக்குள் இருக்கட்டும். அப்புறம் அவளிடம் சொல், மைதானத்தில் உன் இஷ்டம், ரோட்டில் மம்மியே அணைத்தாலும் நீ விடாதே, வண்டி ஓட்டுகிறவள் நீதான், மம்மி கையைத் தடுக்கிற சுதந்திரமும் உனக்குத்தான் என்று சொல். நான் சொன்னால் நம்பிக்கை போனதாக எடுத்துக்கொள்வாள், நீ சொன்னால் அண்ணன் கடைசியில் தன்னை டிரைவர் என்று ஒப்புக்கொண்டான் என்று எடுத்துக்கொள்வாள். ஒரே வார்த்தைதான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றும் கேட்கிறேன், அந்த மணலில் உன் ஸ்டெபிலைசர் வேலை செய்திருந்தால் வண்டி சறுக்காமல் நின்றிருக்குமா? எனக்கு மட்டும் எழுது, ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதே, தெரியாதென்றால் தெரியாது என்றே எழுது.

மாதாவின் காவல் உனக்கு எப்போதும் இருக்கட்டும், போகும்போதும் வரும்போதும் உன் காவல் சம்மனசு கூடவே வரட்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, தடியான சாக்ஸ் போட்டுக்கொள், டிக்கெட் போடு, டாடி கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ அவளோடு பேசிவிட்டாய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வேன் என்று கவலைப்படாதே, எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருகிற ஞாயிறுகளில் ஒரு நாள் நான் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பழையபடி விரலை நீட்டுவேன். அந்த விளக்கு எரிவதற்குள் என் பெண் என் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் க்ளென், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

ஆசீர்வாதங்களோடு,
உன் மம்மி
பியாட்ரிஸ்