தறி ஓயும் நேரம்

12-12-83

காலையில் கரண்ட் போனது. தெருவே சலித்துக்கொண்டது. நான் மட்டும் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்கு ஓடினேன். எட்டுத் தறியும் நின்றால்தான் இந்த வீட்டில் என் குரல் எனக்கே கேட்கிறது. பேட்டரி போட்டு, பி.ஏ. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுதும் வாசித்துப் பதிந்தேன். இடையில் ஒரு காக்கை. போகட்டும், காக்கையிடம் போய் மல்லுக்கட்ட முடியுமா?

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஊரே கரண்டு இல்லீன்னு அழுவுது, நீ ஒருத்திதான் சிரிக்கறே" என்றார். சிரிக்கத்தான் செய்தேன்.

18-12-83

சேலம் போய் வந்தேன். பெரியம்மா மகன் காளியண்ணன் அம்மாபேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடையின் ஒரு சுவர் முழுக்கக் கேசட். பார்வையில்லாதவர்களுக்காக நாங்கள் சிலர் வாசித்துப் பதிந்த கதைகள், கட்டுரைகள், பாடங்கள். யாரும் எடுத்துப் போகலாம், காசு கிடையாது. 'கேட்கும் நூலகம்' என்று புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்.

"பார்வையில்லாதவங்களுக்குப் போர்டு எதுக்குங்கண்ணா?" என்றேன்.

"கூட்டியாறவங்களுக்குக் கண்ணு இருக்குதல்லோ!" என்றார்.

வரலாற்றுப் பாடம் யாருக்கென்று இன்றுதான் பார்த்தேன். சென்றாயன், வாழப்பாடிப் பக்கம், சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த நண்பன் வேலைக்குப் போய்விட்டதால் போன வருடம் பரீட்சையில் தவறிவிட்டான். "இந்த வாட்டியும் போச்சுன்னா ஊருக்கு வந்து ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருன்னு அப்பா சொல்லிட்டாருக்கா" என்றான், சிரித்துக்கொண்டே. சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரலில் பரீட்சை. அதற்குள் புத்தகம் முழுவதும் அவன் காதுக்குள் போயாக வேண்டும்.

20-1-84

நல்ல மழை பெய்ததால் மின்வெட்டை எடுத்துவிட்டார்களாம். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது.

23-1-84

தறி ஓட ஓடவே வாசித்துப் பார்த்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் ஓட்டுக் கூரை மேல் கல்மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. நடுநடுவே நான் யாரையோ வைகிற மாதிரி ஒரு குரல். இதை வைத்து யார் பரீட்சை எழுதுவது?

27-1-84

தினமும் ஒரு மணி நேரம் தறியை நிறுத்தச் சொன்னேன். "ஏம்புள்ள, நீ கெனாக் கண்டியா? இத்தன நாள் தறி நின்னது பத்தாதா? துண்டு ஆர்டரு தலைக்கு மேல நிக்குது" என்றார். நியாயம்தான். நியாயம் என்பதால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவரும் சொன்னார்.

28-1-84

பேச்சு வார்த்தை இல்லை. உப்புமா மட்டும் வைத்தேன்.

29-1-84

கோபத்தில் பேல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பொதி பொதியாக நூல் பேல்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது - தறிச் சத்தம் எங்கே? எங்கோ அடுத்த தெருவில் ஓடுகிற மாதிரி மெலிசாகக் கேட்கிறது! எனக்கு நானே சத்தமாகச் சிரித்தேன். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடம் ஆகிறது, இது தெரியாமல் போயிற்றே.

16-2-84

பேல் அறையில் ஒரு பாடம் வாசித்து வெளியே வந்தால் குளித்த மாதிரி வேர்வை. தலையெல்லாம் பஞ்சுத்தூசி. "ஆவியில வெச்ச இட்லி வருது பாரு" என்று தறி ஓட்டும் மாரியப்பனிடம் சொல்லிச் சிரிக்கிறார் இவர். சிரிக்கட்டும். பேச்சாவது வந்ததே.

9-3-84

இருமல்.

14-3-84

குரல் சுத்தமாகப் போய்விட்டது. காற்று மட்டும் வருகிறது. கடைசிப் பாடம் ஒன்றுதான் பாக்கி. நாளை காளியண்ணன் கேசட் வாங்க வருகிறார். வாசித்துப் பதிகிற மற்றவர்கள் கையிலும் ஆளுக்கொரு புத்தகம் இருக்கிறது, யாரைக் கேட்பது? கடைசிப் பாடத்தில் ஏன் இப்படி ஆக வேண்டும்? அந்தப் பையன் பட்டிக்கா போகணும்?

15-3-84

காலையில் இவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "எட்டாவது வரைக்கும் படிச்சவனுக்கு வராமயா போயிரும்" என்று பேல் அறைக்குள் போனார். எனக்குத் தடுக்கக் குரல் இல்லை. மதியம் வெளியே வந்து கேசட்டை நேராகக் காளியண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் பஸ் ஏறிய பிறகு, "எப்படி வாசிச்சீங்க?" என்று எழுதிக் காட்டினேன்.

"நல்லாத்தான் வாசிச்சேன். வெள்ளைக்காரன் நிலவரி போட்டதப் பத்தி. மழையில்லீன்னாலும் வரி கட்டோணுமாம், பாரு அக்கிரமத்த! இது நாயமான்னு ரெண்டு மூணு எடத்துல கேட்டு உட்டேன். நடுவுல மாரியப்பன் வந்து தறியில பாவு நூல் அந்துபோச்சுன்னான். அவனையும் கொஞ்சம் வைஞ்சு போட்டேன்."

அத்தனையும் டேப்பில்! ஐயோ, பாடம் நடத்தச் சொன்னால் பஞ்சாயத்துப் பண்ணி வைத்திருக்கிறாரே. பரீட்சைக்குப் போகிற பையன் இதைக் கேட்டால் எது பாடம், எது இவர் புலம்பல் என்று எப்படித் தெரியும்? என் வாழ்நாளில் குரல் இல்லையே என்று இப்படி ஏங்கியதில்லை. கத்தித் தீர்த்திருப்பேன்.

29-4-84

பரீட்சை முடிந்து சென்றாயனே வந்துவிட்டான், காளியண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு. நேராக இவரைத்தான் தேடினான்.

"அண்ணே, நிலவரிதான் பெரிய கேள்வியா வந்துச்சு. கேள்வியப் படிச்சுக் காட்டுனதும் உங்க குரல்தான் காதுல கேட்டுச்சு. வரிவரியா வந்துருச்சு. வேகத்துல 'இது நாயமா'ன்னும் சொல்லிட்டேன். எனக்காக எழுதுனவரு திகைச்சு, 'அதையும் எழுதறதா'ன்னாரு. வேணாம் சார்னு சிரிச்சுட்டேன்."

"மாரியப்பன வைஞ்சதையும் சொல்லிட்டியா சாமி?" என்று இவர் பதறினார்.

"இல்லண்ணே. அது மட்டும் நிறுத்திக்கிட்டேன்."

நால்வரும் சிரித்தோம். மாரியப்பனுக்கு மட்டும் என்னவென்று புரியவில்லை. சென்றாயன் தேறிவிடுவான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது.

21-6-84

சென்றாயன் பாஸ்! மேலே படிக்கிறானாம். அவன் அப்பாவே காளியண்ணன் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மனசு நிறைந்துவிட்டது. பாயசம் வைத்தேன்.

8-7-84

காளியண்ணன் கடிதம். விடுதியில் இன்னும் நான்கு பையன்கள் வரலாற்றுக் கேசட் கேட்கிறார்களாம், பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் முதலில் கேட்பது நிலவரிப் பாடத்தைத்தானாம். பாக்கிப் புத்தகம் முழுக்கத் தொண்டை வறள வாசித்தவள் நான்! ஒரு வாய் பாராட்டு இல்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன்?

கடிதத்தை இவர் இரண்டு தடவை படித்தார்.

15-7-84

பொருளாதாரப் புத்தகம் புதிதாக வந்திருக்கிறது. சமையலை முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பேல் அறைக்குப் போனேன். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. புத்தகத்தையும் காணோம், டேப் ரிக்கார்டரையும் காணோம். தட்டினேன்.

"பதிவு நடக்குது புள்ள, சத்தம் போடாத" என்று உள்ளிருந்து குரல்.

மாரியப்பன் ஏதோ கேட்க வந்தான். வாயில் விரல் வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.