எனக்கு நானே போட்ட ஐந்து புள்ளி

மொன்றியல்
17.11.1996

அன்பின் அத்தானுக்கு,

மூக்கடைக்கும் தடிமனைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. கொழும்பு லொட்ஜ் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

‘விரைவுப் பட்டம் எண்டனீர், பேந்து ஏன் இழுபடுது?’ என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வேலை செய்பவர்களுக்கென்று வணிகப் படிப்பைக் குறுக்கி, வாயில் திணிப்பதுபோல் திணிக்கிறார்கள். ஒரு பாடம் தவறினாலும் அடுத்ததற்கு ஏற முடியாது. எனக்கு இப்போது ஒன்று தவறும் போலிருக்கிறது. தவறினால், டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் நான், மேலாளர் எனக்கென்று வைத்திருக்கும் கணக்குப் பிரிவு வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். மூன்று பேர் சேர்ந்து ஒரு வியாபாரத் திட்டம் எழுத வேண்டும். ஜான்-டலோன் சந்தையில் பழச்சாற்றுக் கடை என்று தீர்மானித்தோம். என்னோடு செலீன் என்ற பிரெஞ்சுக்காரி. மற்றவர் சென்னைச் சந்திரமௌலி, ஏற்கெனவே எஞ்சினியர். குளிரில் விறைத்துக்கொண்டு கடை கடையாக விலை விசாரித்தது நான். கணக்கு முழுவதும் நான். சந்திரமௌலி, ‘நீங்க எழுதிக் குடுங்க சிஸ்டர், பேசறத நான் பாத்துக்கறேன்’ என்றார். கோட் போட்டுக்கொண்டு வந்து பேசினார். செலீன் படம் ஒட்டினாள்.

கடைசியில் ஆசிரியை, குழுவில் ஒவ்வொருவருக்கும் பத்துக்குப் புள்ளி போடச் சொன்னார். தனக்கும் போட வேண்டுமாம். அந்தச் சராசரிதான் பாடத்துக்கான புள்ளி. தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் வெட்கங்கெட்ட வேலை எனக்கு எங்கே தெரியும்? அவர்களுக்கு ஒன்பது, எனக்கு ஐந்து போட்டேன். ‘என்ன பிள்ளை, இன்னும் கூடப் போடலாமே’ என்று ஆசிரியை சொல்வார் என்று நினைத்த மடைச்சி நான். அவர்கள் தங்களுக்குப் பத்துப் போட்டு, வாய் திறந்து பேசவில்லை என்று எனக்கு நாலு போட்டிருக்கிறார்கள்.

சீ என்று போய்விட்டது அத்தான். மெட்ரோவில் கண்ட சந்திரமௌலி, ‘தப்பா நினைச்சுக்காதீங்க சிஸ்டர், இங்க சிஸ்டமே அப்படித்தான்’ என்று இளிக்கிறார். இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றேன். அவர்கள் மேல் உள்ளதைவிட அந்த ஐந்தின் மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகம். அடக்கம், அடக்கம் என்று வளர்த்து என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் போனேன். எந்தக் கடையில் என்ன விலை என்று என்னையும் கேளுங்கள், அவர்களையும் கேளுங்கள் என்றேன். எனக்குப் பத்து வேண்டும் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த மாதம் கனடாத் தூதரகத்தில் உங்களை விசா நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். பெண்சாதி என்ன செய்கிறா என்று கட்டாயம் கேட்பார்கள். லொட்ஜில் யாரோ விசாரித்தபோது, ‘அவ சும்மா ஏதோ படிக்கிறா’ என்று சொன்னதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். பிள்ளையார் துணையாக இருந்து உங்களைச் சுகமாக என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பார். ஆனால் அத்தான், அங்கே அந்த ‘சும்மா’வைச் சொல்லாதீர்கள்.

உங்கள்
ஞானாம்பிகை